மட்டையும் பக்தியும்

கேள்வி: பேஸ்பால் கதை எழுதுகிறேன். ரசிகனின் வீர வழிபாடு செயற்கையாகத் தெரிகிறதே, ஏன்?

பதில்: "மகத்தான வீரர்" என்று பத்து இடத்தில் எழுதினால் ஒட்டாது. ரசிகன் தன் வாழ்க்கையோடு பிணைத்துக்கொள்ள ஒரு சின்னப் பிடி கொடுங்கள். ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' (1952) கிழவன் சாந்தியாகோவைப் பாருங்கள். மீனவனான அவன் வழிபடுவது நிஜ பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோவை. டிமாஜியோவின் அப்பாவும் மீனவர். அது ஒரு பிடி. இன்னொன்று, வீரரின் குதிகால் எலும்பு முள். அது என்னவென்றே கிழவனுக்குத் தெரியாது. சண்டைச் சேவலின் முள் குதிகாலில் குத்தினாற்போல் வலிக்குமோ என்று யோசிக்கிறான். நிஜத்திலும் அந்த வலியால் டிமாஜியோ 1949 சீசனில் முதல் 65 ஆட்டங்களை இழந்தார். கதையில் அவர் ஒரு வரி பேசுவதில்லை. நேரில் கொண்டுவந்து கைகுலுக்க வைத்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

கேள்வி: பக்தி வெறியாக மாறுவதைக் காட்டலாமா?

பதில்: தாராளமாக. 1949 ஜூனில் பிலடெல்பியா அணியின் எடி வெய்ட்கஸை, சிகாகோ ஹோட்டல் அறையில் 19 வயது ரசிகை துப்பாக்கியால் சுட்டார். பிழைத்தவர் அடுத்த ஆண்டே ஆட வந்துவிட்டார். வெறியை முதல் பக்கத்திலேயே கொட்டிவிடாதீர்கள். ஒட்டி வைத்த படங்கள், அவருடைய எண் மீது மோகம், பிறகு அந்த அறைக்கு வரச்சொல்லி ஒரு துண்டுச் சீட்டு. இந்த வரிசை போதும்.