ஃபெல் ஓட்டம்: ஏறுவதற்கு முன் இறங்கப் பழகுங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் லீட்ஸில் வசிக்கிறேன், வயது 38. இரண்டு வருடமாக ரோட்டில் ஓடுகிறேன்; 10 கி.மீ.க்கு 55 நிமிடம் ஆகிறது. இந்தக் கோடையில் ஒரு ஃபெல் ரேஸில், அதாவது மலைமேட்டு ஓட்டப் பந்தயத்தில், ஓடிப் பார்க்க ஆசை. பந்தயப் பட்டியலைத் திறந்தால் 'ஏஎஸ்', 'பிஎம்' என்று என்னென்னவோ போட்டிருக்கிறது, ஒன்றும் புரியவில்லை. எந்தப் பந்தயத்தில் தொடங்குவது? என்ன ஷூ வாங்குவது? மூடுபனியில் வழி தவறினால் என்ன செய்வது?

பதில்:

இந்த வேகத்தில் ஓடுகிற உங்களுக்கு ஒரு சின்ன ஃபெல் பந்தயத்துக்கு வேண்டிய மூச்சு ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதவை இரண்டு. கரடுமுரடான சரிவில் தயங்காமல் இறங்கும் கால் ஒன்று. 'இப்போது இங்கே நிற்கிறேன்' என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டும் பழக்கம் மற்றொன்று. புதிதாக வருகிற பலரும் ஏற்றத்துக்கு மட்டும் தயாராகிறார்கள். ஏற்றத்தில் மூச்சு முட்டினால் நடந்துகொள்ளலாம், எல்லோரும் நடக்கத்தான் செய்கிறார்கள். இறக்கத்தில் தொடை விட்டுப்போனால் அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதே உங்கள் கையில் இருக்காது.

முதலில் அந்த எழுத்துகள். ஃபெல் என்பது வட இங்கிலாந்தில் மரமில்லாத திறந்த மலைமேட்டுக்குச் சொல்லும் பழைய சொல். 1970-ல் தொடங்கிய ஃபெல் ரன்னர்ஸ் அசோசியேஷன் பந்தயங்களை இரண்டு எழுத்தால் தரம் பிரிக்கிறது. முதல் எழுத்து ஏற்றத்தின் கடுமையைச் சொல்லும். ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 50 மீட்டராவது ஏறினால் 'ஏ', 25 மீட்டர் என்றால் 'பி', 20 மீட்டர் என்றால் 'சி'. ரோட்டில் ஓடும் பங்குக்கும் வரம்பு உண்டு: 'ஏ'-யில் 20 சதவீதம், 'பி'-யில் 30, 'சி'-யில் 40. இரண்டாம் எழுத்து தூரம். 10 கி.மீ. வரை 'எஸ்', அதற்கு மேல் 20-க்குள் 'எம்', 20-ம் அதற்கு மேலும் 'எல்'. கூடவே 'ஈஆர்' என்று இருந்தால் அனுபவம் கட்டாயம், 'என்எஸ்' என்றால் வழி கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும், 'எல்கே' என்றால் அந்த மலையை முன்பே அறிந்தவருக்குச் சாதகம். இந்த மூன்றும் போட்ட பந்தயங்களை முதல் வருடம் விட்டுவிடுங்கள்.

தொடக்கத்துக்கு 'ஏஎஸ்' அல்லது 'பிஎஸ்' தேடுங்கள். 'ஏ' என்றதும் பயப்பட வேண்டாம். 6 கி.மீ.யில் 300 மீட்டர் ஏறும் குட்டிப் பந்தயம் 'ஏ'தான். அதில் கால்வாசி நேரமாவது நடையாகப் போய்விடும். 16 கி.மீ. நீளமுள்ள 'பிஎம்' புதியவரை அதைவிட அதிகமாக உலுக்கும், வானிலை மாறவும் அதில் நேரம் கிடைத்துவிடும். மே முதல் ஆகஸ்ட் வரை வார நாள் மாலைகளில் யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கம் இப்படிப்பட்ட சின்னப் பந்தயங்கள் நிறைய நடக்கின்றன. பலவற்றில் அன்றைக்கே போய்ப் பெயர் கொடுக்கலாம். கட்டணம் சில பவுண்டுதான், சில்லறையாக எடுத்துப் போங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஏறும் உயரத்தை 8-ஆல் பெருக்கித் தூரத்தோடு கூட்டுங்கள். 8 கி.மீ., 400 மீட்டர் ஏற்றம் என்றால் 400 × 8 = 3.2 கி.மீ.; ஆக 11.2 கி.மீ. கி.மீ.க்கு 5:30 நிமிடம் என்ற உங்கள் வேகத்தில் அது ஏறக்குறைய 62 நிமிடம். சேறும் ஹீதர் புதரும் உள்ள தரையில் புதியவருக்கு இன்னும் பத்துப் பதினைந்து சதவீதம் கூடும். 70 நிமிடம் என்று மனதில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ரோட்டு வேகத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே ஓடுகிறவர்கள்தான் முதல் ஏற்றத்திலேயே எரிந்துபோகிறார்கள்.

ஷூ விஷயத்தில் ஒன்று கறாராகச் சொல்ல வேண்டும். ரோட்டு ஷூ ஆகாது, மண்பாதையில் ஓடுவதற்கான, தடித்த மெத்தை வைத்த டிரெயில் ஷூவும் ஆகாது. பாதம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, சாய்ந்த தரையில் கணுக்கால் அவ்வளவு எளிதாக மடங்கும். அடிப்பகுதியில் 6 முதல் 8 மி.மீ. ஆழப் பற்கள், பற்களுக்கு நடுவே சேறு உதிர்ந்துவிழ அகலமான இடைவெளி, மெலிந்த அடி, குதிகாலை இறுக்கிப் பிடிக்கும் பின்பக்கம்: இவைதான் தேவை. இனோவ்-8, வால்ஷ் போன்றவை இதற்கென்றே செய்கின்றன. கடையில் போட்டதும் ஒரு சாய்வுப் பலகையில் இறங்குவதுபோல் நின்று பாருங்கள். விரல் நுனி முன்னால் இடித்தால் ஐந்தாவது இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். மேல் கடைசித் துளை வரை லேஸைக் கோர்த்துக் குதிகாலைப் பூட்டுங்கள், பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பே நகத்தை வெட்டிவிடுங்கள். எந்தப் பல்லும் ஈரப் பாறையில் பிடிக்காது. பாசி படிந்த கல்லில் வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஏற்றத்தில் சொல்வதற்கு அதிகமில்லை. அடியைக் குட்டியாக்குங்கள். ஓட்டத்துக்கும் நடைக்கும் வேகம் ஒன்றாகிவிட்டது என்று தோன்றிய உடனே நடைக்கு மாறுங்கள். செங்குத்தாக வந்தால் உள்ளங்கையை முட்டிக்குச் சற்று மேலே தொடையில் வைத்து, அந்தக் கால் நிமிரும்போது கையாலும் அழுத்துங்கள். உச்சிக்கு 20 மீட்டர் இருக்கும்போதே மெல்ல ஓடத் தொடங்கினால் மறுபக்கம் கால் கனக்காமல் கிளம்பலாம்.

இறக்கத்துக்கு வருவோம். பயம் வந்ததும் உடம்பு தானாகப் பின்னால் சாயும். அப்போது எடை குதிகாலுக்குப் போகிறது, பற்களில் பாதி தரையைத் தொடுவதில்லை, ஈரப் புல்லில் அப்படியே சறுக்கி உட்கார்ந்துவிடுவீர்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். இடுப்பு பாதத்துக்கு மேலேயே இருக்கட்டும், கணுக்காலிலிருந்து உடம்பு முழுவதும் கொஞ்சம் முன்னால் சாயட்டும், முட்டி எப்போதும் லேசாக மடங்கியிருக்கட்டும். அடிகள் குட்டியாக, வேகமாக விழட்டும். ஒரு அடி தவறினாலும் அடுத்தது உடனே காப்பாற்றும். கைகளைப் பக்கவாட்டில் விரித்துவிடுங்கள், பார்க்க அழகாக இருக்காது, ஆனால் தராசு அதுதான். கண் பாதத்தில் இருக்கக் கூடாது, மூன்று நான்கு மீட்டர் முன்னால் ஓட வேண்டும். தரையின் நிறம் பேசும்: பளிச்சென்ற பச்சைப் பாசி தெரிந்தால் முட்டியளவு சேறு, வெள்ளைப் பஞ்சுத் தலை ஆடும் புல் தெரிந்தால் ஈரநிலம், கருஞ்சிவப்பு ஹீதர் என்றால் அடியில் கல் மறைந்திருக்கும்.

இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசையில் நுண்ணிய சேதம் ஏற்படுவதால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, இரண்டாம் நாள் மாடிப்படி இறங்க முடியாது. நல்ல செய்தி என்னவென்றால், ஒரே ஒரு இறக்கப் பயிற்சி செய்தாலும் சில வாரங்களுக்கு அந்தத் தசைக்குக் காப்பு கிடைக்கிறது. எனவே பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒருமுறை, பத்து நாள் முன்பு ஒருமுறை நன்றாக இறங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் வேண்டாம்.

எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று ஓட்டம் போதும். ஒன்று, ரோட்டிலோ பூங்காவிலோ 40 நிமிடம் சாவகாசமாக. இரண்டாவது, மேட்டுப் பயிற்சி: 90 விநாடி வேகமாக ஏறி, நடந்து இறங்கி, ஆறு முறை. நான்காம் வாரத்திலிருந்து இதைத் திருப்பிப் போடுங்கள். 150 மீட்டர் நீளமான புல்சரிவில் நடந்து ஏறி, ஓடி இறங்கி, ஆறில் தொடங்கிப் பத்து முறை வரை. மூன்றாவது, வார இறுதியில் உண்மையான மலைத்தரையில் 75 நிமிடத்தில் தொடங்கி இரண்டு மணி நேரம் வரை, ஏற்றம் 250 மீட்டரிலிருந்து 500 வரை. லீட்ஸிலிருந்து ரயிலேறினால் இல்க்லி வந்துவிடும், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இல்க்லி மூர் என்ற திறந்த மேட்டுநிலம். ஹீதர், சேறு, பாறை மூன்றும் அங்கே கிடைக்கும். ஒட்லி செவின் என்ற மேடு இன்னும் பக்கம். கணுக்காலுக்குப் பல் விளக்கும்போது ஒற்றைக் காலில் ஒரு நிமிடம் நிற்பது போதும். சுலபமாகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு.

கையில் வைத்திருக்க வேண்டிய பொருள்கள்: தலைமூடியோடு கூடிய மழைக்கோட்டு, மழைக் கால்சட்டை, குல்லாய், கையுறை, வரைபடம், காம்பஸ், விசில், அவசரத்துக்குத் தின்பண்டம். வெயிலடித்தால் அமைப்பாளர்கள் சிலவற்றைத் தளர்த்தலாம், நீங்களாகத் தளர்த்தக் கூடாது. கோட்டை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். தையல்மேல் நாடா ஒட்டியிருந்தால்தான் அது மழைக்கோட்டு, இல்லையென்றால் வெறும் காற்றுத் தடுப்பு. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும், அதைவிடக் கொடுமை காற்றும் ஈரமும். ஓடும்வரை உடம்பு சூடாக இருக்கும், கணுக்கால் மடங்கி உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் நடுக்கம் தொடங்கிவிடும். பக்கத்தில் ஓடுகிறவர் தடுமாறி, பேச்சும் குழறினால் அவரைத் தனியே விடாதீர்கள். கோட்டும் குல்லாயும் மாட்டிவிட்டுக் கீழே கூட்டிப் போங்கள், பந்தயம் அத்தோடு முடிந்தது.

வரைபடம் 1:25,000 அளவில் வாங்குங்கள். மலைப்பகுதியில் ஒவ்வொரு சமஉயரக் கோடும் 10 மீட்டர், ஐந்தாவது கோடு தடிமனாக இருக்கும். ஓடும்போது வரைபடத்தை மடித்து, நீங்கள் நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, விரலை நகர்த்திக்கொண்டே போவதுதான் முக்கால்வாசி வித்தை. சுவர், ஓடை, வேலி என்று பிடித்துக்கொண்டு போகத் தோதான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூடுபனியில் சுவரிலுள்ள கேட்டை நோக்கிப் போகும்போது நேராகக் குறிவைக்காதீர்கள். வேண்டுமென்றே 100 மீட்டர் இடப்பக்கம் குறிவையுங்கள். சுவர் வந்ததும் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்று உறுதியாகத் தெரியும்.

காம்பஸைப் பயன்படுத்துவது இப்படி. அடித்தட்டின் நீண்ட விளிம்பை நிற்கும் இடத்திலிருந்து போகும் இடத்துக்கு வைத்து, தட்டின் முனையிலுள்ள அம்பு போகும் பக்கம் பார்க்கட்டும். ஊசியைச் சுற்றியுள்ள வட்டத்தைத் திருப்பி, உள்ளே உள்ள கோடுகளை வரைபடத்தின் வடக்குத் தெற்குக் கோடுகளுக்கு இணையாக்குங்கள்; வட்டத்திலுள்ள அம்பு வரைபடத்தின் மேல்பக்கம் இருக்க வேண்டும். பிறகு மார்புக்கு நேராகத் தட்டையாகப் பிடித்து, சிவப்பு ஊசி அந்த அம்புக்குள் வரும்வரை உடம்போடு திரும்புங்கள். நிறையப் பேர் வட்டத்தின் அம்பைத் தலைகீழாக வைத்துவிட்டு நேர் எதிர்த்திசையில் போய்விடுவார்கள். இன்னொன்றும் உண்டு: காம்பஸைச் செல்போனோடு ஒரே பையில் வைத்தால், போனிலுள்ள காந்தம் ஊசியின் முனைகளையே மாற்றிவிடக்கூடும். தெற்கைக் காட்டும் சிவப்பு ஊசியை நம்பி ஒரு மலையின் தப்பான பக்கம் இறங்குவது விளையாட்டல்ல. கிளம்புமுன் வடக்கு தெரிந்த இடத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

வழி தவறியது தெரிந்ததும் நில்லுங்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது, அங்கிருந்து எத்தனை நிமிடம் ஓடினீர்கள் என்று யோசியுங்கள், முடிந்தால் அங்கேயே திரும்புங்கள். அடிபட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. பதிலுக்கு மூன்று முறை கேட்டால் யாரோ வருகிறார்கள், அப்போதும் நிறுத்தாதீர்கள். போனில் சிக்னல் கிடைத்தால் 999-ஐ அழைத்துப் போலீஸைக் கேட்டு, அவர்களிடம் 'மவுன்டன் ரெஸ்க்யூ' (மலை மீட்புக் குழு) வேண்டும் என்று சொல்லுங்கள்.

பந்தயத்தன்று உங்கள் பந்தய எண் அட்டையை நான்கு ஊக்குப் போட்டு மார்பில் தெரியும்படி குத்துங்கள். ஒவ்வொரு செக்பாயின்டிலும் மார்ஷல் அதைப் படித்துக் குறிக்க வேண்டும். கல்சுவர்களில் ஏறாதீர்கள். சுண்ணாம்போ சிமென்ட்டோ இல்லாமல் அடுக்கியவை அவை. ஒரு கல் சரிந்தால் அந்த விவசாயி அடுத்த வருடம் நிலத்துக்குள் விடமாட்டார். நடுவில் விலகினால் முடிவிடத்துக்குப் போய், 'விலகிவிட்டேன்' என்று எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் காருக்குப் போக வேண்டும். இதை மறந்து வீட்டுக்குப் போகிற ஒருவருக்காக, மீட்புக் குழுத் தொண்டர்கள் இரவெல்லாம் மலையில் தேடுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கும்போது முட்டிக்குப் பின்புறம், தொடையிடுக்கு, இடுப்புப் பட்டை பதிந்த இடம் எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். கோடையில் பெரணிப் புதரில் ஓடியிருந்தால் எள்ளளவு உண்ணி ஒட்டியிருக்கலாம். நுண்முனை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மேலே இழுத்து எடுங்கள், தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு பரவினால் டாக்டரிடம் போய் உண்ணிக்கடி என்று சொல்லுங்கள்; உண்ணி பரப்பும் லைம் நோய்க்குத் தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் எளிதில் குணமாகும்.