முதல் சோலோ: வலப்பக்க இருக்கை காலியானால் விமானத்தில் என்ன மாறும்?

கேள்வி: செஸ்னா 172 எஸ் விமானத்தில் பயிற்சி எடுத்து வருகிறேன். 22 மணி நேரம் ஆகிவிட்டது. அடுத்த வாரம் சோலோ செக் (தனியாகப் பறக்க விடும் முன் நடக்கும் சோதனை) வைத்துவிடலாம் என்கிறார் இன்ஸ்ட்ரக்டர். அவர் பக்கத்தில் இருக்கும்போதே சில லேண்டிங்குகள் மிதந்து நீண்டுவிடுகின்றன. இரண்டு முறை தரையில் பட்டுத் துள்ளி பவுன்ஸும் ஆனது. தனியாகப் போனால் விமானமே வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். எதையெல்லாம் தயார் செய்துகொள்ள வேண்டும்?

பதில்: சீனியர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, பயப்படத்தான் தேவையில்லை. மாற்றம் எங்கே வரும், எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். அதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. சரியாக அமையாத லேண்டிங்கைத் தயங்காமல் கைவிட்டு மேலே ஏறும் கோ-அரவுண்ட், யோசிக்காமலே கைக்கு வர வேண்டும். இன்ஸ்ட்ரக்டருடன் பறக்க மீதமிருக்கும் டூயல் நேரத்தில் பெரும்பகுதியை அதற்கே கேட்டு வாங்குங்கள்.

முதலில் எடைக் கணக்கு. இரண்டு பேரும் ஓரளவு எரிபொருளும் இருந்தால் விமானம் ஏறக்குறைய 1,000 கிலோ இருக்கும். 75 கிலோ இன்ஸ்ட்ரக்டர் இறங்கினால் ஏழு, எட்டு சதவீதம் குறைகிறது. ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கைகள் விமானத்தைத் தாங்காது) எடையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால் அது ஒன்றரை, இரண்டு நாட் இறங்கும் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.). கேட்க அற்பமாகத் தோன்றும். விளைவு, புறப்பட்டு ரன்வேயைச் சுற்றிவந்து இறங்கும் சர்க்யூட் முழுக்கத் தெரியும். 55 நாட்டில் இழுத்ததும் விமானம் சட்டென்று எழும். சர்க்யூட்டின் உயரமான 1,000 அடி, வழக்கமாக வரும் இடத்துக்கு முன்பே வந்துவிடலாம். ஜன்னல் வழியே தெரியும் ஊரை வைத்து உயரத்தை மதிப்பிட்டுப் பழகியவர்கள் இங்கேதான் 1,100, 1,200 அடிக்குப் போய்விடுகிறார்கள். ஏறும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது நல்ல கணக்கு: நிமிடத்துக்கு 700 அடி ஏறினால், 70 அடி மிச்சம் இருக்கும்போதே மூக்கைத் தாழ்த்தத் தொடங்குங்கள். வேகம் 90 நாட்டை நெருங்கிய பிறகு த்ராட்டிலைக் குறைத்து, கண்ட்ரோலில் கை அழுத்தம் தேவைப்படாதபடி ட்ரிம் செய்யுங்கள். வலப்பக்க எடை இல்லாததால் விமானம் கொஞ்சம் இடப்பக்கம் சாயப் பார்க்கும். சாய்வைக் கட்டுப்படுத்தும் அய்லரானில் சிறு அழுத்தம் போதும்.

உங்கள் லேண்டிங் மிதப்பதற்குப் பெரும்பாலும் வேகக் கணக்குதான் காரணம். இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப்ஸை இறக்கிய நிலையில் நார்மல் லேண்டிங்குக்கு கையேடு 60 முதல் 70 நாட் வரை தருகிறது. பயத்தில் பலரும் 70-ஐப் பிடித்துக்கொண்டு வருவார்கள், ‘பாதுகாப்புக்கு’ இன்னும் ஐந்தும் சேர்ப்பார்கள். 60-ஐவிட 70 நாட்டில் இயக்க ஆற்றல் 36 சதவீதம் அதிகம். அவ்வளவும் கரையும் வரை விமானம் தரையைத் தொடாது. எடை குறைந்த விமானம் இன்னும் கூடுதல் தூரம் மிதக்கும். அதனால் ரன்வேக்கு நேராக இறங்கிவரும் ஃபைனலில் 65 நாட்டைத் துல்லியமாகப் பிடிக்கப் பழகுங்கள். ரன்வே முனையைத் தாண்டும்போது எந்த வேகம் என்பதை இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டு, ஒரே எண்ணாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடும் முன் மூக்கைத் தூக்கும் ஃபிளேரில் பார்வை எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். மூக்குக்கு நேர் முன்னால் தரையைப் பார்த்தால் அது வேகமாக ஓடிவருவதுபோல் தோன்றி, கை தானாக அதிகம் இழுத்துவிடும்; விமானம் பலூன் ஆகும், அதாவது மீண்டும் மேலே எழும். 15, 20 அடி உயரத்தில் பார்வையை ரன்வேயின் மறுமுனைக்கு மாற்றுங்கள். மிதக்கும்போது மூக்கை அமுக்காதீர்கள். மெயின் வீல்கள் தாமாகத் தொடும் வரை, குறையும் வேகத்துக்கு ஏற்ப மெதுவாக இழுத்துக்கொண்டே இருங்கள்.

பவுன்ஸில் ஆபத்து முதல் துள்ளலில் இல்லை. துள்ளியதும் பதறிப்போய் மூக்கை முன்னால் தள்ளுவதில்தான் இருக்கிறது. அடுத்த முறை நோஸ் வீல் முதலில் அடிக்கிறது, அதைவிட உயரமாகத் துள்ளுகிறது. மூன்றாவது அடியில் நோஸ் கியர் மடங்கலாம், ப்ரொப்பெல்லர் தரையில் உரசலாம், என்ஜினைத் தாங்கும் ஃபயர்வால் சுருங்கலாம். சிறிய துள்ளல் என்றால் மூக்கின் நிலையை அப்படியே பிடித்துக் கொஞ்சம் பவர் கொடுத்து இறக்கலாம். அது சிறியதா பெரியதா என்று சந்தேகம் வந்தாலே கோ-அரவுண்ட்.

அந்த கோ-அரவுண்டை, அப்ரோச்சுக்கு ட்ரிம் செய்து முழு ஃபிளாப்ஸ் இறக்கிய நிலையிலிருந்து பயிற்சி எடுங்கள். 172-இல் அந்த நிலையில் முழு த்ராட்டில் கொடுத்தால் மூக்கு பலமாக மேலே எழும்பும்; கூடவே இடப்பக்கம் திரும்பும். கண்ட்ரோலை உறுதியாக முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டும், காலால் இயக்கும் வால் திருப்பியான ரட்டரை வலப்பக்கம் மிதிக்க வேண்டும். முழு த்ராட்டில், உடனே ஃபிளாப்ஸ் 20 டிகிரி, வேகம் 60 நாட். விமானம் ஏறுவது உறுதியானதும் 10 டிகிரி. தடைகளைத் தாண்டிப் பாதுகாப்பான உயரம் வந்த பிறகு முழுவதும் மேலே. ஒரே இழுப்பில் ஃபிளாப்ஸை எல்லாம் எடுத்தால் விமானம் கீழே அமுங்கும். ரேடியோ கடைசியில்தான், டவர் காத்திருக்கும். ரன்வேயின் முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள் தொடவில்லை, நடுக்கோட்டில் இல்லை, வேகம் ஐந்து நாட்டுக்கு மேல் கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது என்றால் கோ-அரவுண்ட் என்று சோலோவுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். சோலோவில் கோ-அரவுண்ட் செய்த மாணவரை எந்த நல்ல இன்ஸ்ட்ரக்டரும் குறைசொல்ல மாட்டார்.

சர்க்யூட்டில் மிக ஆபத்தான இடம் ரன்வேக்குக் குறுக்காகப் பறக்கும் பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும் திருப்பம். பேஸில் பின்காற்று இருந்தால் ரன்வேயின் நேர்கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். திரும்பப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் பேங்க்கை (சாய்வை) கூட்டுவார்கள். பேங்க் கூட்டப் பயந்தவர்கள் ரட்டரை மட்டும் மிதிப்பார்கள். இரண்டாவதுதான் ஸ்பின்னுக்கு (சுழன்றபடி கீழே விழுவதற்கு) நேர்வழி, அந்த உயரத்தில் அதிலிருந்து மீள இடமில்லை. முழு எடையில், ஃபிளாப்ஸ் இல்லாமல் 172 எஸ்-இன் ஸ்டால் வேகம் 48 நாட். உயரத்தைக் காக்கும் 30 டிகிரி திருப்பத்தில் அது 52, 45 டிகிரியில் 57, 60 டிகிரியில் 68 ஆகிவிடும். 30 டிகிரியைத் தாண்டாதீர்கள். அதற்குள் நேர்கோடு கிடைக்கவில்லையா, மேலே போய் இன்னொரு சர்க்யூட் போடுங்கள்.

இன்ஸ்ட்ரக்டர் இறங்கும் அந்த இரண்டு நிமிடத்தில் பலரும் தவறவிடும் சில வேலைகள் உண்டு. என்ஜின் ஓடும்போதே இறங்கினால் த்ராட்டில் ஐடிலில், இரண்டு கால்களும் பிரேக்கில் இருக்கட்டும். அவர் விமானத்தின் வால் பக்கமாக நடந்து விலகியதைக் கண்ணால் பார்த்த பிறகே பிரேக்கை விடுங்கள். காலி இருக்கையின் பெல்ட்டைப் பூட்டி இறுக்குங்கள்; கதவிடுக்கில் மாட்டி வெளியே தொங்கினால் விமானத்தின் உடலில் அது அடிக்கும் சத்தம் என்ஜின் கோளாறு போலவே கேட்கும். ஹெட்செட் ஒயர் கண்ட்ரோலில் சிக்காமல் ஒதுக்குங்கள். வலது கதவின் தாழ்ப்பாளைக் கையால் தள்ளிப் பாருங்கள். உங்கள் இருக்கையை முன்னும் பின்னும் உலுக்கிப் பாருங்கள். செஸ்னாவில் இருக்கை தண்டவாளத்தில் சரியாகப் பூட்டாமல், டேக்-ஆஃபில் பின்னால் நழுவி, பிடித்திருந்த கண்ட்ரோலையும் சேர்த்து இழுத்துவிடும் விபத்துகள் நடந்திருக்கின்றன.

ப்ரீ-ஃப்ளைட்டை வழக்கம்போலச் செய்யுங்கள், அவசரம் மட்டும் வேண்டாம். 172 எஸ்-இல் எரிபொருள் வடிக்கும் இடங்கள் 13, ஒன்றையும் விடாதீர்கள். ஆயில் ஐந்து குவார்ட்டுக்குக் கீழே இருந்தால் கிளம்பக் கூடாது. 1,800 ஆர்பிஎம்மில் (நிமிடச் சுழற்சி) மேக்னெட்டோ (என்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவி) சோதனையில் வீழ்ச்சி 150-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு மேக்னெட்டோக்களுக்கும் இடையே வித்தியாசம் 50-க்குள் இருக்க வேண்டும். சோலோவில் செஸ்னா 152 கொடுக்கிறார்கள் என்றால், அதில் கார்புரேட்டரில் பனி உறையாமல் தடுக்கும் கார்புரேட்டர் ஹீட் உண்டு, பவரைக் குறைக்கும் முன் இழுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். 172 எஸ்-இல் அது கிடையாது.

எந்த நேரத்தில் பறப்பது என்பதிலும் உங்களுக்குக் கருத்து இருக்கலாம். 1,000 அடி உயரத்தில் இருக்கும் சேலம் போன்ற தளத்தில் 38 டிகிரி வெயிலில் டென்சிட்டி ஆல்டிட்யூட் (காற்றின் அடர்த்திப்படி விமானம் உணரும் உயரம்) 4,000 அடியை நெருங்கும். காலை சீக்கிரம் என்றால் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறினால் அனல் குமிழிகள் ஃபைனலில் தூக்கியடிக்கும். பருந்துகளும் அவற்றில்தான் வட்டமிடும்.

டேக்-ஆஃப் முடிந்ததும் என்ஜின் நின்றால்? ரன்வேக்குத் திரும்ப முயலாதீர்கள். மூக்கைத் தாழ்த்தி 70 நாட், நேர் முன்னே அல்லது சற்று இருபுறமும் தெரியும் வெற்றிடத்தில் இறக்குங்கள். ஒவ்வொரு டேக்-ஆஃபுக்கு முன்பும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ரேடியோ செத்தால், ரேடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் 7600 போட்டு, டவரின் விளக்கைப் பாருங்கள்: நிலையான பச்சை என்றால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் மற்ற விமானத்துக்கு வழிவிட்டு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து முழு சர்க்யூட்டையும் கை அசைவோடும் ரேடியோ வார்த்தைகளோடும் ஓட்டிப் பாருங்கள். டவர் திடீரென ‘எக்ஸ்டெண்ட் டவுன்விண்ட்’ (ரன்வேக்கு இணையான பாதையை நீட்டு) என்றோ ‘ஆர்பிட்’ (அங்கேயே ஒரு வட்டமடி) என்றோ சொன்னால் என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்துப் பழகுங்கள். மாணவர்கள் திணறுவது அங்கேதான். புரியாவிட்டால் ‘சே அகெய்ன்’ கேட்கலாம், ‘ஸ்டூடண்ட் பைலட், ஃபர்ஸ்ட் சோலோ’ என்று சொல்லலாம். பேட்ச்மேட் 15 மணி நேரத்தில் போனார், நமக்கு 22 ஆகிவிட்டதே என்ற கணக்கை விட்டுவிடுங்கள். அன்று காலை காய்ச்சலோ, தூக்கமின்மையோ, குறுக்குக் காற்று கூடுதலோ இருந்தால் ‘இன்று வேண்டாம் சார்’ என்று சொல்வது உங்கள் உரிமை.

ஒரே சர்க்யூட், முழு நிறுத்தம் என்று பேசியிருந்தால் தொட்டதும் மீண்டும் எழும்பும் டச்-அண்ட்-கோ ஆசை வேண்டாம். தொட்டதும் வேலை முடியவில்லை: நடுக்கோட்டிலேயே ஓட்டி, டாக்ஸி வேகத்துக்கு வந்து, ஹோல்டிங் கோட்டைத் தாண்டி நின்ற பிறகுதான் ஃபிளாப்ஸ் லீவரில் கை வையுங்கள்.