வாடிவாசலில் நிற்கும் காளைக்குப் பயமா, வேகமா? எப்படி அளக்கிறார்கள்?

அலங்காநல்லூர் காளையை வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். ரத்தம், எச்சில், சாணியில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைப் பார்க்கலாம்; ஆனால் அது பயத்திலும் ஏறும், இணைசேரும் கிளர்ச்சியிலும் ஏறும். அது மட்டும் போதாது.

கண் நல்ல சாட்சி. தீனியைக் காட்டிவிட்டுக் கொடுக்காதபோது கறவை மாடுகளின் கண்ணில் வெள்ளைப்பகுதி கூடுதலாகத் தெரிந்ததை நார்வே ஆய்வாளர்கள் அளந்தார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2004-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் எலிச் சோதனை. ஒரு ஒலிக்கு நெம்புகோலை அழுத்தினால் தீனி. இன்னொன்றுக்கு அழுத்தினால் இரைச்சல். பழகியபின் இரண்டுக்கும் நடுவான ஒலிகளைக் கொடுத்தார்கள். அடிக்கடி சூழல் மாறிய கூண்டு எலிகள் தயங்கின. நல்லது வரும் என்ற எதிர்பார்ப்பே குறைந்திருந்தது!

வாடிவாசலில் அந்தப் பயிற்சிக்கு வழியில்லை. கண்ணையும் இதயத்துடிப்பையும் அளக்கலாம். அதே காளையை அமைதியாக இருக்கும்போது தொழுவத்திலும் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.