சுத்தியலால் தட்டிப் பார்த்தீர்களா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் துருவைப் பற்றியவை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் குனிந்து அடியில் பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். வசவுகளையும் புகழுரைகளையும் பாரபட்சமின்றி வெட்டியிருக்கிறேன்.

கேள்வி: பதினெட்டு வயதான கார். பேட்டரி உட்காரும் தட்டும் அதைத் தாங்கும் பிராக்கெட்டும் துருப்பிடித்துவிட்டன. துருவை மாற்றும் திரவத்தைத் தடவினால் போதும் என்கிறார் நண்பர். கழற்றி எறி என்கிறார் மெக்கானிக். யார் சொல்வது சரி?

பதில்: இருவருமே தட்டிப் பார்க்காமல் பேசுகிறார்கள். முதலில் பேட்டரியை வெளியே எடுங்கள், எதிர்முனை இணைப்பை முதலில் கழற்றி. பிறகு ஒரு சிறு சுத்தியலால் பிராக்கெட்டை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று ஒலித்தால் உள்ளே இரும்பு மிச்சமிருக்கிறது. ‘தொப்’ என்று மங்கிய ஒலி வருகிற இடத்தில் திருப்புளியின் முனையை ஊன்றி அழுத்துங்கள். முனை இறங்கினாலோ, இரும்பு ஏடு ஏடாகப் பிரிந்தாலோ, அது துருப்பிடித்த பாகம் அல்ல, இற்றுப்போன பாகம். மாற்றத்தான் வேண்டும்.

மேலே செந்தூள் மட்டும்தான் என்றால் நண்பர் ஜெயித்தார். பேட்டரித் தட்டில் கசிவது கந்தக அமிலம். ஆகவே சமையல் சோடா கரைத்த நீரால் நுரை அடங்கும்வரை கழுவி, உலரவிட்டு, கம்பி பிரஷால் பொருக்கை உதிர்த்த பிறகே திரவத்தைத் தடவ வேண்டும். அந்தத் திரவத்தில் பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். மிச்சமுள்ள துருவை அது மேலும் பரவாத ஒரு கறுப்புப் படலமாக மாற்றும். போன இரும்பைத் திருப்பித் தராது. புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாசகங்களைப் படித்தால் அதையும் தரும் என்றுதான் தோன்றும்.

கேள்வி: துருவின் மேலேயே பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: அடிக்கலாம். இரண்டும் சேர்ந்து உதிரும்.

கேள்வி: ஷாக் அப்சார்பர் போல்ட் இறுகிவிட்டது. எண்ணெய் ஸ்பிரே அடித்து, ஸ்பேனரில் நீளமான குழாயை மாட்டி ஒரே திருப்பாகத் திருப்பினேன். தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. உடைந்த போல்ட்டை எடுக்கும் கருவி ஒன்றை வாங்கிச் செருகினேன். அதுவும் உள்ளேயே முறிந்துவிட்டது. இனி என்ன செய்வது?

பதில்: ஸ்பிரே அடித்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று எழுதவில்லை. நானே ஊகித்துக்கொள்கிறேன்: ஒரு நிமிடம்.

துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே அது ஆப்பு அடித்தது போல இறுகி உட்கார்ந்திருக்கிறது. அங்கே எண்ணெய் புகுவதற்கு மணிக்கணக்கில் அவகாசம் வேண்டும். மாலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, காலையில் ஒருமுறை ஊற்றி, நடுநடுவே சுத்தியலால் போல்ட்டின் தலையில் தட்ட வேண்டும். அந்த அதிர்வில்தான் துருவில் கீறல் விழுந்து எண்ணெய்க்கு வழி கிடைக்கும். இன்னொன்று, எல்லா ஸ்பிரேயும் ஊறும் எண்ணெய் அல்ல. வீட்டுக்கு வீடு இருக்கும் டபிள்யூடி-40-இன் பெயரே ‘நீரை அகற்றும் கலவை, 40-வது முயற்சி’ என்பதன் சுருக்கம். 1953-இல் ஏவுகணையின் வெளித்தோல் துருப்பிடிக்காமல் காக்க உருவானது அது. இறுகிய மரைக்குள் ஊறுவதற்கென்றே தனி எண்ணெய்கள் விற்கின்றன.

திருப்பும்போதும் முதலில் மயிரிழை அளவு இறுக்கிப் பாருங்கள். பிடி விட்டால் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி வர வேண்டும். உங்கள் குழாய் வைத்தியம் போல்ட்டுக்குச் செய்தது சிரச்சேதம்.

முறிந்த கருவிக்கு வருகிறேன். அது கடினப்படுத்திய எஃகு. சாதாரணத் துளையிடும் அலகு அதன் மேல் வழுக்கும். வெல்டிங் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். மிச்சமிருக்கும் தண்டின் மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்துத் திருப்புவார். அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். பக்கத்தில் எரிபொருள் குழாயும் ரப்பர் புஷ்ஷும் இல்லாதபடி பார்த்துக்கொள்வது அவர் வேலை. கேட்டு உறுதி செய்துகொள்வது உங்கள் வேலை. அந்தக் கருவிப் பெட்டியை நானும் ஒருமுறை வாங்கினேன். ஐந்து அளவுகளில் இரண்டை முறித்த பிறகு பெட்டியை மூடிவிட்டேன்.

கேள்வி: பழைய கார் ஒன்றை வாங்கினோம். விற்றவர் அடிப்பகுதி முழுவதையும் காட்டினார். புதிது போலக் கறுப்பாக மின்னியது. ‘துருவே இல்லை’ என்று விளம்பரத்திலும் போட்டிருந்தார். மூன்றே மாதத்தில் பின்பக்க ஸ்பிரிங்கைத் தாங்கும் இடம் கிழிந்து வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. என் கணவர், நாம்தான் ஏமாளிகள் என்கிறார்.

பதில்: உங்கள் கணவரிடம் சொல்லுங்கள் அம்மா, ஏமாந்தவர் குற்றவாளி அல்ல. குற்றம் அந்தக் கறுப்பு டப்பாவைக் கையில் எடுத்தவருடையது. இந்த விஷயத்தில் எனக்கு நிதானம் கிடையாது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுத்தமான உலோகத்தின் மேல் பூசினால் அந்தக் கறுப்புப் பூச்சு நல்ல பொருள். துருவின் மேல் பூசினால் அது திரைச்சீலை. சில வாரங்களில் ஓரத்தில் விரிசல் விடும், தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழியின்றி பூச்சுக்கும் இரும்புக்கும் நடுவில் குடித்தனம் செய்யும். பெட்டி வடிவத்தில் மடித்த சட்டங்கள் உள்ளிருந்து வெளியே துருப்பிடிப்பவை. அவற்றில் தண்ணீர் வடிவதற்கென்று சிறு துளைகள் உண்டு. பூசுகிறவர் அவசரத்தில் அவற்றையும் அடைத்துவிடுவார். மறைத்ததோடு நிற்காமல், அழிவை வேகப்படுத்தியும் விட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவராவது பூசணிக்காயை அழுகவைப்பதில்லை.

நானும் வாங்கியிருக்கிறேன். அடிப்பகுதி புதிதாகப் பாலிஷ் போட்ட ஷூ மாதிரி இருந்தது. பாயை விரித்துப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்து, பெருமையோடு எழுந்தேன். பார்த்தேனே தவிர ஒரு இடத்திலும் தட்டவில்லை. முதல் பஞ்சர் அன்று ஜாக்கியை அதற்கென்று உள்ள இடத்தில் வைத்துச் சுழற்றினேன். ஜாக்கி மேலே போனது, வண்டி அங்கேயே நின்றது. மெத்தைக்குள் விரல் போவது போல ஜாக்கியின் தலை சட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து செந்தூள் ஒரு கைப்பிடி கொட்டியது.

அதனால் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மின்னும் கறுப்பைக் கண்டால் அதன் ஓரங்களைப் பாருங்கள். சைலன்சர் குழாயிலும், ரப்பர் புஷ்ஷிலும், பிரேக் ஹோஸிலும், போல்ட் தலைகளிலும் கறுப்புச் சாரல் தெறித்திருந்தால் அது தொழிற்சாலைப் பூச்சு அல்ல, அவசரப் பூச்சு. வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா பாருங்கள். ஸ்பிரிங் தாங்கி, ஷாக் அப்சார்பரின் மேல்முனை, ஜாக்கி வைக்கும் இடம் ஆகியவற்றைத் திருப்புளிக் கைப்பிடியால் தட்ட அனுமதி கேளுங்கள். மறுத்தால் வண்டிக்கு வேறு பரிசோதனை தேவையில்லை.

உங்களுக்கு, அம்மா: வண்டியை ஓட்டாதீர்கள். கிழிந்த இடத்தைப் பழுது பார்ப்பதற்கு முன் தேதியோடு படம் எடுங்கள். உதிர்ந்த பூச்சையும் துரு ஏடுகளையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். கறுப்பின் பின்பக்கம் துரு ஒட்டியிருக்கும், துருவின் மேல்தான் பூசினார் என்பதற்கு அதுவே சாட்சி. சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம், இது மூன்று மாதத் துரு அல்ல என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த விளம்பரத்தின் படி ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். ‘துருவே இல்லை’ என்ற இரண்டு சொல்தான் உங்கள் கையிலிருக்கும் பெரிய ஆயுதம். எல்லாவற்றையும் இணைத்து விற்றவருக்கு எழுத்தில் அனுப்பி, பதில் சொல்ல ஒரு தேதி குறியுங்கள். தொலைபேசியில் சண்டை போடாதீர்கள். அவர் அதில் பயிற்சி பெற்றவராக இருப்பார்.

கேள்வி: துருத் தொல்லையே வேண்டாம் என்று வண்டியின் எல்லா போல்ட்டுகளையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றப் போகிறேன். நல்ல முடிவுதானே?

பதில்: நம்பர் பிளேட்டுக்கும் மட்கார்டுக்கும் நல்ல முடிவு. ஷாக் அப்சார்பருக்கும் பிரேக்குக்கும் மோசமான முடிவு. இப்போதுள்ள போல்ட்டின் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ பொறித்திருக்கும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அது அறுபடும் இழுவை, மெகாபாஸ்கலில். 8.8-க்கு 800, 10.9-க்கு 1000. இரண்டு எண்களும் சேர்ந்து, எந்த இழுவையில் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்று சொல்லும்: 8.8-க்கு 640, 10.9-க்கு 900. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு அது 450 தான். பளபளப்பில் பலம் இல்லை.

தவிர, ஸ்டெயின்லெஸ் போல்ட் அலுமினியத்தோடு ஈரத்தில் உறவாடினால் அலுமினியம்தான் கரையும். வெல்வெட் பெட்டியில் வந்த ஒரு முழு செட்டை வாங்கி மாட்டியவன் சொல்கிறேன். இரண்டு ஆண்டு கழித்து போல்ட்டுகள் புதுப்பெண் போல இருந்தன, சுற்றியிருந்த அலுமினியம் வெள்ளைப் பொடியாகியிருந்தது.

கேள்வி: துருப்பிடித்த சீட் பெல்ட் போல்ட்டை மாற்றக் கொடுத்தேன். புதிய 12 மி.மீ. போல்ட் நுழையவில்லை என்று, மெக்கானிக் அந்தத் துளையிலேயே புதிதாக மரை வெட்டி அதை ஏற்றிவிட்டார். இறுக்கமாகத்தான் இருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

பதில்: வேண்டும். பல கார்களில் மற்ற போல்ட்டுகள் எல்லாம் மில்லிமீட்டரில் இருந்தாலும் சீட் பெல்ட் போல்ட் மட்டும் அங்குல அளவில் இருக்கும்: 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. சுமார் 11.1 மி.மீ. ‘கிட்டத்தட்ட’ 12. அந்தக் கிட்டத்தட்டவில்தான் உயிர் தொங்குகிறது. பழைய மரையின் குறுக்கே புதிய மரை வெட்டினால் இரண்டுமே அரைகுறை. கையால் இறுக்கும்போது இறுகும், மோதலின்போது உருவிக்கொள்ளும். பெல்ட் தாங்கியை முறையாக மாற்றத் தெரிந்த பாடி பட்டறையில் காட்டும்வரை அந்த இருக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். செலவை அந்த மெக்கானிக்கிடமே கேளுங்கள். கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு.

கேள்வி: சலவைச் சோடா கரைத்த நீரில் மின்சாரம் செலுத்தித் துருவை எடுக்கலாம் என்று படித்து, பிராக்கெட்டையும் ஒரு ஸ்டெயின்லெஸ் கரண்டியையும் பேட்டரி சார்ஜரில் இணைத்தேன். மறுநாள் பிராக்கெட் முன்னைவிட மெலிந்திருக்கிறது. கரண்டி அப்படியே இருக்கிறது.

பதில்: நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். துரு எடுக்க வேண்டிய பாகம் எதிர்முனையில் இருக்க வேண்டும். நேர்முனையில் இருப்பதுதான் கரையும். ஆனால் சரியாக இணைத்திருந்தால் உங்கள் கரண்டி கரைந்து, புற்றுநோய் உண்டாக்கும் ஒருவகை குரோமியம் நீரில் கலந்திருக்கும். ஒரு தவறு இன்னொரு தவறிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. அடுத்த முறை நேர்முனைக்கு ஒரு சாதாரண இரும்புத் துண்டு. ஹைட்ரஜன் கிளம்பும், ஆகவே திறந்த வெளியில். 10.9, 12.9 என்று பொறித்த போல்ட்டுகளை இந்தத் தொட்டியிலும் போடாதீர்கள், அமிலத்திலும் போடாதீர்கள். ஹைட்ரஜன் புகுந்தால் அவை நொறுங்கும் தன்மை பெற்றுவிடும்.

கேள்வி: இன்ஜின் தாங்கி பிராக்கெட் புதிது வாங்கினேன். ஒரு துளை 3 மி.மீ. தள்ளி இருக்கிறது. ‘அரத்தால் தேய்த்து நீட்டிக்கொள்ளுங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்’ என்கிறார் கடைக்காரர்.

பதில்: அரத்தைத் தொடாதீர்கள். ஒரு தடவை தேய்த்துவிட்டால் ‘நீங்கள்தான் கெடுத்தீர்கள்’ என்பார். பழைய பிராக்கெட்டை எடுத்துக்கொண்டுபோய், புதியதன் மேல் வைத்து, இரண்டு துளைகளில் போல்ட்டைச் செருகி, மூன்றாவது துளையில் தெரியும் பிறையை அவருக்கே காட்டுங்கள். இரண்டையும் தராசில் வைக்கச் சொல்லுங்கள். புதியது கணிசமாக எடை குறைந்தால் தகடும் மெல்லியது என்று அர்த்தம். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ‘வேறு பொருள் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றால், அதே ஆலையின் இன்னொரு கோணலைத்தான் கொடுப்பார்.

கேள்வி: பிராக்கெட்டுகளைக் கழற்றி, சுத்தம் செய்து, பவுடர் கோட்டிங் கொடுத்து மாட்டினேன். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஹெட்லைட் மங்கிவிட்டது.

பதில்: எர்த் ஒயர் உட்காரும் இடத்திலும் அழகு பூசிவிட்டார்கள். அந்த வட்டத்தை மட்டும் உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து, இறுக்கிய பிறகு கிரீஸ் தடவுங்கள்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் வண்டியில் துருவே இல்லையா?

பதில்: இருக்கிறது. பின்பக்க மட்கார்டு பிராக்கெட் இற்றுப்போய், ஓராண்டாகக் கட்டுக்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. மட்கார்டுதானே, விழுந்தால் யாருக்கு என்ன என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். போன மாதம் பின்னால் வந்துகொண்டிருந்த சைக்கிள்காரரின் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தது. அவர் இறங்கி, அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் ஏறிப் போய்விட்டார். புதிய பிராக்கெட் நேற்று வந்தது. துளைகள் பொருந்துகின்றன.