பழைய காலத்து ஆங்கிலேய கிராமத்தில் சாதாரணக் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன? சீரியல்களில் காட்டுவது போலத்தானா?

சீரியல்களில் வருவது மாளிகை. அந்த மாளிகையைச் சுற்றியிருந்த வயலில் வேலை செய்தவர்கள் வீட்டைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்து முழுவதற்கும் பொதுவாக ஒரு பதில் சொன்னால் அது பொய்யாகிவிடும். அதனால் நான் பதினோரு வருடமாக இருக்கும் லூட்டனைச் சுற்றியுள்ள பெட்ஃபர்ட்ஷயர் கிராமங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். காலம் சுமாராக 1800 முதல் 1900 வரை.

இங்கே வந்த புதிதில் பழைய சென்சஸ் பக்கங்களைப் படிக்க ஆரம்பித்தேன். 1851 சென்சஸில் வீட்டில் இருந்த ஒவ்வொருவரின் பெயர், உறவு, வயது, தொழில், பிறந்த ஊர் எல்லாம் கையெழுத்தில் இருக்கும். குடும்பத்தலைவர் விவசாயக் கூலி. அதில் ஆச்சரியம் இல்லை. வேறு பல மாவட்டங்களில் மனைவியின் பெயருக்கு நேரே தொழில் கட்டம் காலியாகவே கிடக்கும். இந்தப் பகுதியில் அப்படி இல்லை. மனைவி, தாள் பின்னுபவர் (தாள் என்றால் காகிதம் அல்ல, கோதுமை வைக்கோல்). பெரிய மகள், தாள் பின்னுபவர். அடுத்த வரியில் ஐந்து வயதுக் குழந்தை. அதற்கு நேரேயும் தாள் பின்னுபவர்! அந்த வரியைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

லூட்டன் தொப்பிக்குப் பேர்போன ஊர். இங்குள்ள கால்பந்து அணிக்கு இன்றைக்கும் 'தொப்பிக்காரர்கள்' என்றுதான் செல்லப்பெயர். அந்தத் தொப்பிகளைத் தைக்கத் தேவைப்பட்ட பின்னல் நாடா சுற்றுவட்டாரக் கிராமத்து வீடுகளிலிருந்துதான் வந்தது. சில்டர்ன் குன்றுப் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணில் விளையும் கோதுமையின் தாள் மெலிதாக, பளபளப்பாக இருக்கும். கணுக்களை நீக்கி, ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, கந்தகப் புகை காட்டி வெளுக்கவைத்து, வியாபாரிகள் கட்டுக் கட்டாக விற்பார்கள். அதை வீட்டில் கீறிப் பின்ன வேண்டும். கீறுவதற்கு விரல் நீளத்தில் ஒரு சின்னக் கருவி உண்டு. தாளின் துளைக்குள் அதன் முனையைச் செருகித் தள்ளினால் தாள் ஐந்தாறு மெல்லிய கீற்றுகளாகப் பிரிந்துவிடும். காய்ந்த கீற்று ஒடியும் என்பதால் வாயில் வைத்து எச்சிலால் நனைத்துக்கொண்டே பின்னுவார்கள். கந்தகமும் கூரிய ஓரமும் பட்டு உதடு வெடிக்கும், கடைவாய் புண்ணாகும். பின்னி முடித்ததை நிலைக்கால் பக்கத்தில் பொருத்தியிருக்கும் சின்ன மர உருளைகளுக்கு நடுவே கொடுத்துத் தட்டையாக்கி, 20 கெஜம் ஒரு சுருளாகச் சுற்றி, சந்தைக்குக் கொண்டுபோவார்கள்.

வருமானத்தைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். 1850 வாக்கில் பெட்ஃபர்ட்ஷயரில் விவசாயக் கூலிக்கு வாரத்துக்குச் சுமார் 9 ஷில்லிங்தான். மழை பெய்து வேலை நின்றால் அதுவும் குறையும். நெப்போலியன் போரால் இத்தாலியிலிருந்து தொப்பிப் பின்னல் வருவது தடைப்பட்ட வருடங்களில், கைதேர்ந்த பெண்கள் கணவன்மாரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். இடுப்பில் தாள் கட்டைச் செருகிக்கொண்டு, தெருவில் நடந்தபடி, வாசலில் பேசியபடி பின்னியவர்கள் அவர்கள். பண்ணைக்காரர்களும் பாதிரிமார்களும் இதை ரசிக்கவில்லை. வீட்டு வேலைக்குப் பெண்கள் கிடைப்பதில்லை, கையில் காசு புரள்வதால் திமிர் வந்துவிட்டது, சமைக்கத் தெரியவில்லை என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காசு வராத வாரத்தில் அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்குமா என்று அவர்களில் பலர் யோசிக்கவில்லை. எனக்கு அதில் கோபம்தான் வருகிறது.

பிள்ளைகள் நிலைமைதான் கொடுமை. மூன்று நான்கு வயதிலேயே 'பின்னல் பள்ளி'க்கு அனுப்பிவிடுவார்கள். பள்ளி என்றால் ஒரு அம்மாவின் குடிசையில் ஒரே அறை. காற்றில்லாமல் நெருக்கியடித்து உட்கார்ந்து, இன்றைக்கு இத்தனை கெஜம் என்று பெற்ற தாய் சொல்லியனுப்பிய கணக்கை முடிக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கும் அம்மாவுக்கே பல நேரம் எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கையில் பிரம்பு இருக்கும். 1860களில் அரசு அமைத்த குழந்தைத் தொழில் ஆணையம் இதையெல்லாம் பதிவு செய்தது. 1867இல் எட்டு வயதுக்குக் கீழே வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. வீட்டுக்குள் நடப்பதை யார் போய்ப் பார்ப்பது? 1880இல் பள்ளிக்கூடம் கட்டாயமான பிறகுதான் உண்மையில் நிலைமை மாறியது.

சாப்பாடு பெரும்பாலும் ரொட்டி, உருளைக்கிழங்கு, கொஞ்சம் பாலாடைக்கட்டி. முடிந்தவர்கள் ஒரு பன்றி வளர்ப்பார்கள். 1863இல் டாக்டர் எட்வர்ட் ஸ்மித் கூலிக் குடும்பங்களின் உணவை நேரில் விசாரித்தபோது, இருக்கும் கறி ஆணுக்கே போகிறது, மனைவியும் பிள்ளைகளும் மிச்சத்தில் ஓட்டுகிறார்கள் என்று கண்டார்.

அறுவடை முடிந்ததும் கதிர் பொறுக்கும் காலம். வயலில் ஒரே ஒரு அரிக்கட்டை மட்டும் நிறுத்தி வைத்திருப்பார்கள். அது நிற்கும் வரை யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. அதை எடுத்த பிறகு, பல ஊர்களில் தேவாலய மணி அடித்ததும், பெண்களும் பிள்ளைகளும் வரிசையாக இறங்குவார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொடக்கம், கைக்குழந்தைக்காரிக்கும் பாட்டிக்கும் அதே வாய்ப்பு. அப்படிப் பொறுக்கியதை அடித்து, மில்லில் மாவாக்கினால் சில வாரக் கூலிக்குச் சமம். 1788இல் சஃபோக் மாவட்டத்து மேரி ஹௌட்டன் என்ற பெண் மீதான வழக்கில், கதிர் பொறுக்குவது ஏழைகளின் சட்டப்படியான உரிமை இல்லை என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அதற்குப் பிறகும் நூறு வருடம் ஊர் ஊராகப் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு முடியாமல் போனால் ஏழைகள் இல்லம். 1834 ஏழைகள் உதவிச் சட்டத்துக்குப் பிறகு அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். அந்தப் பயத்தோடு பார்த்தால்தான் ஐந்து வயதுப் பிள்ளை கையில் தாளைக் கொடுத்த தாயைப் புரிந்துகொள்ள முடியும்.

1870 வாக்கில் சீனாவிலிருந்தும், பிறகு ஜப்பானிலிருந்தும் மலிவான பின்னல் வந்து இறங்கியது. லூட்டன் தொப்பிக் கடைகளுக்கு அது லாபம். கிராமத்துப் பெண்களுக்குப் பிழைப்பு போயிற்று. 1871 சென்சஸில் பெட்ஃபர்ட்ஷயரில் மட்டும் 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட பின்னல்காரர்கள் இருந்தார்கள். 1901இல் ஐநூறு பேர்கூட இல்லை.

போன வருடம் என்னோடு வேலை செய்யும் ஒருவர் பக்கத்துக் கிராமத்தில் பழைய வீடு வாங்கினார். கணப்படுப்புக்கு மேலே உள்ள மரப்பலகையில் வெள்ளைப் பெயின்ட்டைச் சுரண்டியபோது இரண்டு வெட்டுத் தழும்புகள் தெரிந்தன. ஏதோ கத்தி பட்டது என்று நினைத்தார். நான் டேப் வைத்துப் பார்க்கச் சொன்னேன். சரியாக ஒரு கெஜம். பின்னலை அளக்க அந்தக் காலத்தில் அப்படித்தான் பலகையில் வெட்டி வைத்துக்கொள்வார்கள். அந்தப் பலகை என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. சின்னப் பிள்ளைக்கு எட்டாது. பிள்ளை பின்னியதையும் அம்மாதான் வாங்கி அளந்திருப்பாள்.