உட்கருவும் சேர்ந்து கறுத்தால் என்ன செய்வது? லைசோசோம், கோல்கி நொதிச் சாயமேற்றல் பற்றி

கேள்வி: எலிக் கல்லீரல் திசுவில் லைசோசோமை (செல்லுக்குள் பொருள்களைச் செரிக்கும் நொதிப் பை) பார்க்க, அதிலுள்ள அமில பாஸ்பட்டேஸ் என்ற நொதிக்குச் சாயமேற்றல் செய்கிறேன். புள்ளி புள்ளியாக வர வேண்டிய கறுப்பு உட்கருவிலும் படிகிறது, சைட்டோபிளாசம் முழுக்க மங்கலாகப் பரவுகிறது. கோல்கி (புரதங்களைப் பிரித்து அனுப்பும் தட்டடுக்கு) இருக்கும் இடத்திலும் கொஞ்சம் கறுப்பு தெரிகிறது. இதில் எது உண்மை, எது பிழை? கோல்கியைத் தனியாகக் காட்ட வேறு முறை உண்டா?

பதில்: உட்கருவில் படிந்தது பிழை. கோல்கி ஓரத்தில் தெரிவது பெரும்பாலும் உண்மை. இரண்டையும் ஒரே குறையாக நினைத்து சரிசெய்யப் போனால் நல்ல முடிவும் சேர்ந்து போய்விடும்.

நீங்கள் செய்வது கோமோரியின் ஈய முறை. நொதி பீட்டா கிளிசரோபாஸ்பேட்டை உடைத்து பாஸ்பேட்டை விடுவிக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஈயம் அதைப் பிடித்து, அந்த இடத்திலேயே ஈய பாஸ்பேட்டாக வீழ்படிகிறது. அது நிறமற்றது. அம்மோனியம் சல்பைடு பட்டதும் ஈய சல்பைடாக மாறிக் கரும்பழுப்பாகத் தெரிகிறது. ஆக, நாம் பார்ப்பது நொதியையே அல்ல, ஈயம் போய் உட்கார்ந்த இடத்தை. நொதி இல்லாத இடத்தில் ஈயம் ஒட்டிக்கொண்டாலும் சல்பைடு அதையும் கறுப்பாக்கிவிடும். உட்கருவுக்கு ஈயத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. அதனால் இந்த முறையில் முதலில் ஏமாற்றுவது அதுதான்.

முதலில் உங்கள் தாங்கல் கரைசலை, அதாவது பிஎச் மாறாமல் வைத்திருக்கும் கரைசலை, பாருங்கள். பிபிஎஸ் போன்ற பாஸ்பேட் தாங்கலில் திசுவைக் கழுவிவிட்டு நேரே ஈயக் கரைசலில் போடுகிறீர்களா? அப்படியானால் நொதி வேலை செய்வதற்கு முன்பே திசு முழுக்க ஈய பாஸ்பேட் படிந்துவிடும். மங்கலான பரவலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். 0.1 மோலார் கேக்கோடைலேட் தாங்கலில் திசுவை நிலைப்படுத்தி (அமைப்பு கெடாமல் வேதிப்பொருளால் இறுக்கி), அதே தாங்கலில் சுக்ரோஸ் சேர்த்துப் பலமுறை கழுவுங்கள். கடைசிக் கழுவலை பிஎச் 5.0 அசிட்டேட் தாங்கலில் செய்யுங்கள். கேக்கோடைலேட்டில் ஆர்செனிக் இருக்கிறது, கழிவைத் தனியே சேர்த்து வையுங்கள்.

அடுத்தது நிலைப்படுத்தும் நேரம். குளுட்டரால்டிஹைடு அமைப்பை அழகாகக் காப்பாற்றும், ஆனால் நொதியின் செயலை மெல்லக் குறைத்துக்கொண்டே போகும். ஒன்றிரண்டு சதவீதக் கரைசலில், குளிரில், சிறு துண்டுகளாகக் குறைந்த நேரம் வைத்தால் போதும். அதற்காக நிலைப்படுத்தாமலே விடவும் கூடாது. லைசோசோம் சவ்வு சேதமில்லாமல் இருந்தால் வினைபடுபொருள் (நொதி உடைக்க வேண்டிய கிளிசரோபாஸ்பேட்) உள்ளே எளிதில் போகாது, நிலைப்படுத்தல் அந்தத் தடையைத் தளர்த்தும். உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியன் டி டூவ் குழுவினர் லைசோசோமைக் கண்டுபிடித்ததே இந்தத் தடையால்தான். புதிதாக எடுத்த கல்லீரல் சாற்றில் அமில பாஸ்பட்டேஸ் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. குளிர்ப்பெட்டியில் சில நாள் இருந்த பிறகு அதே சாற்றில் அளவு உயர்ந்தது. நொதி ஒரு சவ்வுப் பைக்குள் அடைபட்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது. 1955-இல் அதற்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார்கள்.

கரைசல் கலக்கும் வரிசையும் முக்கியம். 0.05 மோலார் அசிட்டேட் தாங்கலில் முதலில் ஈய நைட்ரேட்டை முழுவதும் கரையுங்கள், சுமார் 4 மில்லிமோலார். பிறகு கிளிசரோபாஸ்பேட்டைக் கலக்கிக்கொண்டே துளித்துளியாகச் சேருங்கள், சுமார் 10 மில்லிமோலார். 37 டிகிரியில் சற்று நேரம் வைத்து, வடிகட்டிப் பயன்படுத்துங்கள். கலங்கலோடு திசுவைப் போடவே வேண்டாம். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் கரைந்திருக்கும் கார்பன் டையாக்சைடு போகும், ஈய கார்பனேட் தொல்லை குறையும். முடிந்ததும் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் ஒருமுறை சட்டென்று அலசினால் சும்மா ஒட்டிய ஈயம் கொஞ்சம் கழன்றுவிடும். நேரம் கூடக் கூட வீழ்படிவு வழிந்து பக்கத்தில் பரவும். எனவே பல துண்டுகளைப் போட்டு, வெவ்வேறு நேரத்தில் எடுத்து ஒப்பிடுங்கள். புள்ளிகள் தெளிவாக இருந்து உட்கரு வெளுப்பாக இருக்கும் நேரம்தான் உங்களுக்குச் சரியான நேரம்.

ஒப்பீட்டுத் துண்டுகள் இல்லாமல் இந்தப் படத்தை யாருக்கும் காட்டாதீர்கள். ஒன்றில் கிளிசரோபாஸ்பேட்டை விட்டுவிடுங்கள். இன்னொன்றில் 10 மில்லிமோலார் சோடியம் ஃபுளோரைடு சேருங்கள், அது இந்த நொதியைத் தடுக்கும். இரண்டிலும் உட்கரு கறுத்தால் அது வெறும் ஈயம். இரண்டிலும் புள்ளிகள் மறைந்தால் அந்தப் புள்ளிகளை நம்பலாம்.

சரி, கோல்கிக்கு வருவோம். லைசோசோமுக்குப் போகும் நொதிகள் எண்டோபிளாச வலையில் உருவாகி, கோல்கி வழியாகத்தான் போகின்றன. ஆகவே கோல்கியின் வெளியேறும் பக்கத்தில், அதாவது டிரான்ஸ் பக்கத்தில், அமில பாஸ்பட்டேஸ் தெரிவதில் வியப்பில்லை. அதை அழிக்க முயல வேண்டாம். ஆனால் கோல்கியின் அடையாளமாக அதை எடுத்துக்கொள்ளவும் முடியாது.

அதற்கு நோவிகாஃப், கோல்ட்ஃபிஷர் இருவரும் 1961-இல் வெளியிட்ட தயமின் பைரோபாஸ்பட்டேஸ் முறை இருக்கிறது. ஈயம் அதேதான், வினைபடுபொருள் தயமின் பைரோபாஸ்பேட். பிஎச் 7.2 டிரிஸ்-மாலியேட் தாங்கல், கூடவே மாங்கனீசு குளோரைடு. இது டிரான்ஸ் பக்கத்து ஒன்றிரண்டு தட்டுகளைக் காட்டும். சிஸ் பக்கம், அதாவது உள்ளே வரும் பக்கம், வேண்டுமென்றால் நொதியை விட்டுவிட்டு, திசுவை ஆஸ்மியம் டெட்ராக்சைடு கரைசலில் நீண்ட நேரம் ஊறவைக்கும் முறைக்குப் போக வேண்டும். ஒரு எச்சரிக்கை: தயமின் பைரோபாஸ்பேட்டுக்குப் பதில் இனோசின் டைபாஸ்பேட் போட்டால் கல்லீரலில் எண்டோபிளாச வலையும் சேர்ந்து கறுக்கும், கோல்கி அதில் தொலைந்துவிடும்.

இரண்டையும் ஒரே துண்டில் செய்யாதீர்கள். இரண்டுமே ஈயம், இரண்டுமே கறுப்பு, பிரித்துப் பார்க்க வழியில்லை. அடுத்தடுத்த துண்டுகளில் தனித்தனியாகச் செய்யுங்கள்.

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் போவதாக இருந்தால் சல்பைடே தேவையில்லை. ஈய பாஸ்பேட்டே எலக்ட்ரான்களைத் தடுத்துக் கறுப்பாகத் தெரியும். ஊசிபோன்ற கரடுமுரடான படிவு தொந்தரவு செய்தால் ஈயத்துக்குப் பதில் சீரியம் குளோரைடைப் பயன்படுத்திப் பாருங்கள், படிவு நுண்ணியதாக வரும். ஈய சிட்ரேட் சாயம் போடாத ஒரு மெல்லிய வெட்டை முதலில் பாருங்கள். அதில் தெரியும் கறுப்பைக் குறித்துக்கொண்டு, அப்புறம் சாயமிட்ட வெட்டுக்குப் போங்கள்.