ஓவியக் கல்லூரியில் படிப்பது கலைஞராக வாழ உண்மையில் உதவுமா?

வரைவதை இணையத்திலேயே கற்றுக்கொள்ள முடியும்போது, நான்கு ஆண்டுகளை ஓவியக் கல்லூரியில் செலவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நுண்கலைப் பட்டம் பெற்று, இதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் வரைந்தே வாழ்பவன் நான். வண்ணம் கலக்கவும் மென்பொருளைக் கையாளவும் இணையமே போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தொழிலில் இன்றுவரை என்னைத் தாங்குபவை கல்லூரியில் கைக்கு ஏறிய பழக்கமும் உடன் படித்தவர்களும்தான்.

முதலாண்டில் எங்களை ரயில் நிலையத்துக்கு அனுப்பி, அங்கிருப்பவர்களை வரைந்து வரச் சொல்வார்கள். மூட்டையில் சாய்ந்து உறங்குபவர் அசையமாட்டார். போர்ட்டரோ நாம் தலையை வரைந்து முடிப்பதற்குள் எழுந்து போய்விடுவார். அதனால் முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, தோளின் சரிவையும் இடுப்பின் சாய்வையும், உடலின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பதையும் முதலில் பிடிக்கக் கை பழகிவிடுகிறது. மாலையில் ஒரு சிறுகதையை அனுப்பி, விடிவதற்குள் படம் வேண்டும் என்று இதழாசிரியர் கேட்கும்போது, ஒரு பெண் இடுப்பிலிருந்து குடத்தை இறக்கும் அசைவை மாதிரிப்படம் எதையும் தேடாமல் என்னால் வரைய முடிகிறது. தனியாகக் கற்பவரும் ரயில் நிலையத்துக்குப் போகலாம். ஆனால் நோட்டைப் புரட்டி, “இந்தக் கால் தரையில் ஊன்றவில்லை” என்று நாள்தோறும் சுட்டிக்காட்ட அவருக்கு ஆசிரியர் இருக்கமாட்டார்.

உடன் படித்தவர்களின் துணை எவ்வளவு பெரியது என்பதற்குச் சென்னை ஓவியக் கல்லூரியின் வரலாறே சான்று. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய அந்நிறுவனத்தில் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் தம் மாணவர்களையும் சக கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார். ஓவியத்தை வாங்குவோர் அரிதாக இருந்த அந்நாளில், மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் செய்து விற்று, அந்த வருமானத்தின் துணையோடு தங்கள் படங்களை எவருடைய விருப்பத்துக்கும் வளைக்காமல் வரைந்தார்கள். துணி வடிவமைப்பு, மட்பாண்டம் போன்ற பிரிவுகளை ஓவியத்துக்கு ஒரு படி கீழே வைத்துப் பேசும் இன்றைய மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதே கல்லூரியில் பயின்ற கே.எம். ஆதிமூலமும் காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்த கையாலேயே தமிழ் நூல்களின் அட்டைகளுக்கும் தலைப்பெழுத்துகளுக்கும் புதிய தோற்றம் தந்தார்.

விலை பேசுவது, ஒப்பந்தத்தைப் படிப்பது, மூலப்படத்தின் உரிமையை விட்டுக்கொடுக்காமல் இருப்பது ஆகியவற்றைக் கல்லூரிகள் பொதுவாகப் போதிய அளவு கற்றுத் தருவதில்லை. எனக்கு அவற்றைச் சொல்லிக்கொடுத்தவர்கள் சீனியர்கள்தான். ஆகவே விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை நேரில் சென்று, வகுப்பு முடிந்த பிறகும் பட்டறைகள் திறந்திருக்கின்றனவா, படித்து வெளியேறியவர்கள் அங்கே வந்துபோகிறார்களா என்று விசாரியுங்கள்.